இதனிடம் என்ன கேட்கலாம்?

2021 ஆகஸ்டில் இந்தியாவின் சுகாதார அமைச்சர் மன்சுக் மாண்டவியாவின் அலுவலகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் இனி வாட்ஸ்அப்பிலேயே சான்றிதழை வாங்கிக்கொள்ளலாம். அரசின் ‘மைகவ் கொரோனா ஹெல்ப்டெஸ்க்’ சாட்பாட்டின் எண்ணை போனில் சேமிக்க வேண்டும். ‘கோவிட் சர்டிஃபிகேட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி அனுப்ப வேண்டும். வருகிற ஓடிபியைக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்தது. அதே மாதக் கடைசியில் ‘புக் ஸ்லாட்’ என்ற இன்னொரு கட்டளையும் வந்தது. ஊசிக்கு முன்பதிவு செய்வதற்கானது அது.

இரண்டும் பயனுள்ள வசதிகள்தான். ஆனால் என்ன தட்ட வேண்டும் என்பதை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவை செய்தித்தாளும் தொலைக்காட்சியும் குடும்பக் குழுக்களில் சுற்றிய ஃபார்வர்டுகளும். எண்ணைச் சேமித்துவிட்டு உரையாடலைத் திறந்தவர் முன்னால் இருந்தது வழக்கமான வெற்றுப் பெட்டி. மாமாவுக்குச் செய்தி அனுப்பத் திறந்தாலும் அதே பெட்டிதான். அரசின் சாட்பாட்டுக்குத் திறந்தாலும் அதேதான். அதற்கு என்னென்ன தெரியும் என்பதற்குத் திரையில் ஒரு தடயமும் கிடையாது.

ஒரு மென்பொருளால் எதையெல்லாம் செய்ய முடியும் என்பதைப் பயனர் யாரும் சொல்லாமலே கண்டுகொள்ள வழி உண்டா? கணினி வடிவமைப்பாளர்கள் அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டும் கேள்வி இது. சாட்பாட்டுகள் அதை மறுபடி முன்னுக்கு இழுத்து வந்திருக்கின்றன.

மெனு போனது, மெனு வந்தது

மனித நினைவுக்கு இரண்டு வேலைகள் உண்டு. எதிரில் இருப்பதைப் பார்த்து ‘இது தெரிந்ததுதான்’ என்று அடையாளம் காண்பது ஒன்று. எதிரில் எதுவுமே இல்லாதபோது மனத்திலிருந்து தோண்டி எடுப்பது இன்னொன்று. முதல் வேலையில் நாம் அசகாய சூரர்கள். உளவியலாளர் லயனல் ஸ்டாண்டிங் 1973இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுக்குச் சில நாட்களில் 10,000 படங்கள் காட்டப்பட்டன. பிறகு பார்த்த படம் ஒன்றையும் பார்க்காத படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்த்தது எது என்று கேட்டார்கள். 83 சதவீத விடைகள் சரியாக இருந்தன. அதே ஆட்களிடம் வெள்ளைத் தாளை நீட்டி, பார்த்தவற்றையெல்லாம் எழுதச் சொன்னால் பட்டியல் சீக்கிரமே வற்றிப்போகும்.

இந்த வேறுபாடுதான் கணினித் திரையின் வரலாற்றைத் திருப்பியது. கட்டளைகளை மனப்பாடம் செய்து தட்டிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு, 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார், 1984இல் ஆப்பிள் மெக்கின்டாஷ் ஆகியவை மெனுக்களையும் சின்னங்களையும் திரையில் வைத்தன. பயனர் எதையும் நினைவுகூர வேண்டியதில்லை. பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன் 1994இல் செம்மைப்படுத்திய 10 வடிவமைப்பு நெறிகளில் ஒன்றாகவே இது இடம்பெற்றது: நினைவுகூர வைக்காதே, அடையாளம் காண விடு.

சாட்பாட் அலை இந்த வெற்றியைத் தலைகீழாக்கியது. 2016 ஏப்ரலில் ஃபேஸ்புக் தன் மெசஞ்சரில், சுருக்கமாக ‘பாட்’ எனப்படும் சாட்பாட்டுகளை அனுமதித்தது. தனித்தனிச் செயலிகளைப் பதிவிறக்கத் தேவையில்லை, பேசினாலே பூ வாங்கலாம், செய்தி படிக்கலாம் என்பது வாக்குறுதி. ஜூலைக்குள் 11,000 பாட்டுகள் வந்துவிட்டன. அதே ஜூலையில் ஃபேஸ்புக் இரண்டு வசதிகளைச் சேர்த்தது: தட்டாமல் தொட்டே பதில் சொல்ல உதவும் ‘குயிக் ரிப்ளை’ பட்டன்கள், எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் ஒரு மெனு. உரையாடலை நம்பித் தூக்கி எறியப்பட்ட மெனு மூன்றே மாதத்தில் உரையாடலுக்குள் திரும்பி வந்தது.

எந்தச் சொல்லைத் தட்டுவது?

வெற்றுப் பெட்டியின் தொல்லையை நெடுநாள் முன்பே அனுபவித்தவர்கள் விளையாட்டுப் பிரியர்கள். அமெரிக்க நிரலாளர் வில் குரோதர் 1976 வாக்கில் எழுதிய குகை விளையாட்டை, 1977இல் டான் வுட்ஸ் விரித்தெழுதினார். ‘அட்வெஞ்சர்’ என்ற அந்த விளையாட்டில் படம் கிடையாது. கணினி குகையை வார்த்தைகளில் வருணிக்கும். விளையாடுபவர் ‘விளக்கை எடு’, ‘வடக்கே போ’ என்பதுபோல ஓரிரு சொல் ஆங்கிலக் கட்டளைகளைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டுமே நிரல் பார்க்கும். அதனால் வடகிழக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை முழுதாகத் தட்டினால் அது வடக்காகிவிடும். சுருக்கித் தட்ட வேண்டும் என்று விளையாட்டின் முன்னுரையே எச்சரித்தது.

இவ்வகை விளையாட்டுகளில் எதைச் செய்ய வேண்டும் என்று தெரிந்தும் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். ‘திற’ என்றால் புரியவில்லை, ‘தள்ளு’ என்றால் புரியவில்லை, நிரலாளர் மனத்தில் வைத்திருந்த வினைச்சொல் வேறு ஏதோ ஒன்று. புதிரைத் தீர்ப்பதைவிட அந்தச் சொல்லை ஊகிப்பது பெரிய புதிரானது.

இது ஆட்டக்காரர்களின் போதாமை அல்ல என்பதை 1987இல் ஓர் ஆய்வு எண்களோடு காட்டியது. பெல் கம்யூனிகேஷன்ஸ் ரிசர்ச் நிறுவனத்தின் ஜார்ஜ் ஃபர்னஸ், தாமஸ் லாண்டவர், லூயிஸ் கோமஸ், சூசன் டுமைஸ் ஆகிய நால்வர், பலதரப்பட்ட மக்களிடம் பழக்கமான பொருட்களுக்கும் செயல்களுக்கும் பெயர் வைக்கச் சொன்னார்கள். தட்டச்சர்களிடம் திருத்தப்பட்ட பக்கங்களைக் கொடுத்து, அந்தத் திருத்தங்களை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார்கள். சமையல் குறிப்புகளுக்கும் விற்பனை விளம்பரங்களுக்கும் பெயர் கேட்டார்கள். முடிவு எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே வந்தது: ஒரே பொருளுக்கு இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது, வடிவமைப்பாளர் தனக்கு இயல்பாகத் தோன்றிய ஒரே சொல்லைக் கட்டளையாக வைத்தால், முதல் முறை வருகிறவர்களில் பெரும்பாலோர் வேறெதையாவது தட்டித் தோற்பார்கள். ‘எல்லோருக்கும் தெரிந்த சொல்’ என்று ஒன்று அநேகமாக இல்லவே இல்லை. அவர்கள் முன்வைத்த தீர்வு: ஒரு செயலுக்கு ஒரு பெயர் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு, மக்கள் உண்மையில் பயன்படுத்தும் மாற்றுப் பெயர்கள் அத்தனையையும் ஏற்றுக்கொள்வது.

தமிழ்நாட்டில் இந்தப் பட்டியல் இன்னும் நீளும். அரசு ஆவணம் ‘மின்கட்டணம்’ என்கிறது. வீட்டில் அது ‘கரண்ட் பில்’, ‘ஈபி பில்’, சில நேரம் வெறும் ‘ஈபி’. அதைத் தமிழ் எழுத்தில் தட்டுவோர் உண்டு, ஆங்கில எழுத்தில் தட்டுவோர் உண்டு. ஆங்கில எழுத்தில் தட்டும்போது தமிழ்ச் சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளி தனி. ‘மின்கட்டணம்’ என்பதை மட்டும் அறிந்த பாட் ஒன்று, கட்டணம் கட்ட வந்தவரில் பாதிப் பேரைப் புரியாமல் திருப்பி அனுப்ப நேரிடும்.

சாய்கோட்டின் பயணம்

இதற்கு நேர் எதிரான ஒரு வழியும் உண்டு: பயனரை ஊகிக்கவே விடாமல், பட்டியலைக் கண்முன் விரிப்பது. அதற்கு வாகாக அமைந்த குறி சாய்கோடு (/).

பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் 1988இல் உருவாக்கிய ஐஆர்சி அரட்டையில், சாய்கோட்டில் தொடங்கும் வரி பேச்சல்ல, கட்டளை. யாரும் தம் பேச்சைச் சாய்கோட்டில் தொடங்குவதில்லை என்பதால் குழப்பம் இல்லை. ஆனால் அது அரட்டை மென்பொருளுக்கான கட்டளை. அறைக்குள் உலவிய பாட்டுகளுக்கு ஆச்சரியக்குறி முதலான வேறு முன்குறிகள் வழக்கமாயின. எது எந்த பாட்டின் குறி என்பதை அறையின் பழைய ஆட்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டெலகிராம் 2015 ஜூனில் பாட்டுகளைத் திறந்துவிட்டபோது சாய்கோட்டை அவற்றுக்கே கொடுத்தது. முக்கியமான மாற்றம் குறியில் இல்லை. அதைத் தட்டியவுடன் நடப்பதில் இருக்கிறது. பாட்டை உருவாக்குபவர் தன் கட்டளைகளையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கத்தையும் டெலகிராமிடம் முன்கூட்டியே பதிவு செய்யலாம். பயனர் ‘/’ தட்டியதும் அந்தப் பட்டியல் எழும்பும். ஓரிரு எழுத்து சேர்த்தால் சுருங்கும். தொட்டால் கட்டளை போகும். சாய்கோடே தெரியாதவருக்காகத் தட்டச்சுப் பெட்டியின் ஓரத்தில் மெனு பட்டன்.

முதல் சந்திப்புக்கும் டெலகிராம் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. பாட் தானாக யாருக்கும் முதலில் செய்தி அனுப்ப முடியாது. பயனர் ‘ஸ்டார்ட்’ பட்டனை அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு முன், இன்னும் ஒரு வார்த்தையும் பேசப்படாத அந்த வெற்றுத் திரையில், ‘இந்த பாட் என்ன செய்யும்?’ என்பதற்கு 512 எழுத்துகளுக்குள் பதில் எழுதி வைக்கலாம். 2021இல் கொரோனா பாட்டைத் திறந்தவர்கள் தேடியது இப்படியொரு இடத்தைத்தான்.

டிஸ்கார்டு இதே இடத்துக்குச் சுற்றுவழியில் வந்து சேர்ந்தது. விளையாட்டுக் குழுக்களிடையே பரவிய அந்தத் தளத்தில் ஒரே சர்வரில் இசைக்கு ஒன்று, ஒழுங்குக் கண்காணிப்புக்கு ஒன்று, வினாடி வினாவுக்கு ஒன்று எனப் பல பாட்டுகள் குடியிருக்கும். இரண்டு பாட்டுகளுக்கு ஒரே முன்குறி அமைந்துவிட்டால், ஒருவர் ‘ஹெல்ப்’ கேட்டதும் இரண்டும் சேர்ந்து பதில் கொட்டும். 2020 டிசம்பரில் டிஸ்கார்டு ‘ஸ்லாஷ் கமாண்ட்’ முறையை அறிமுகப்படுத்தியது. சாய்கோட்டைத் தட்டினால் அந்த சர்வரிலுள்ள பாட்டுகளும் அவற்றின் கட்டளைகளும் விளக்கத்தோடு வரிசையாக நிற்கும். கட்டளைக்குத் தேவையான விவரங்களும் தனித்தனிக் கட்டங்களாக வரும்: இங்கே ஓர் எண், இங்கே ஓர் உறுப்பினர் பெயர், இங்கே இந்த ஐந்தில் ஒன்று. எண் கேட்ட இடத்தில் பெயரைத் தட்டினால் அனுப்புவதற்கு முன்பே தடுத்துவிடும்.

இதற்கு அந்தரங்கம் சார்ந்த ஒரு காரணமும் இருந்தது. பழைய முறையில் ஒரு பாட் தன் கட்டளையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் குழுவில் யார் என்ன பேசினாலும் அத்தனையையும் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2022 செப்டம்பரில், சரிபார்க்கப்பட்ட பாட்டுகள் சிறப்பு அனுமதியின்றிச் செய்திகளின் உள்ளடக்கத்தை வாசிப்பதை டிஸ்கார்டு நிறுத்தியது. ஸ்லாஷ் கமாண்டில் பாட்டுக்குப் போவது அதற்கென்று அனுப்பப்பட்டது மட்டுமே.

பட்டியல் நீண்டால்

கண்முன் வைத்தால் போதும் என்றால், 60 கட்டளைகளையும் ஒரே செய்தியில் அடுக்கிவிடலாமே? பல பாட்டுகளின் ‘ஹெல்ப்’ பதில் அப்படித்தான் இருக்கிறது. விலைப்பலகை இல்லாத ஹோட்டலில் சர்வர் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் டிபன் வரிசையைப்போல, கடைசியாகச் சொன்ன ஐட்டம் மட்டுமே மனத்தில் நிற்கும்.

அதனால் தளங்கள் யாருக்கு, எங்கே, எதைக் காட்டுவது என்று பிரிக்கத் தொடங்கின. டெலகிராமில் 2021 முதல் தனி உரையாடலில் ஒரு பட்டியல், குழுவில் இன்னொன்று, குழு நிர்வாகிகளுக்கு மட்டும் வேறொன்று என்று வைக்க முடிகிறது. ஓர் உறுப்பினரை வெளியேற்றும் கட்டளை சாதாரண உறுப்பினரின் கண்ணில் படவே தேவையில்லை. வாட்ஸ்அப் வணிகக் கணக்குகளில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம்: ஒரு செய்தியில் பதில் பட்டன்கள் அதிகபட்சம் 3, விரியும் பட்டியல் என்றால் 10 வரி. வடிவமைப்பாளருக்கு எரிச்சலூட்டும் இந்த எல்லை, எது முக்கியம் என்று முடிவெடுக்க அவரைக் கட்டாயப்படுத்துகிறது.

தக்க சமயத்தில் தானாக எடுத்துச் சொல்வது இன்னும் நுட்பமான வழி; சறுக்கலும் அதில்தான் அதிகம். மைக்ரோசாஃப்டின் ஆஃபீஸ் 97இல் வந்த காகிதக் கிளிப் உதவியாளரைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். கடிதம் எழுதத் தொடங்கினாலே குறுக்கே வந்து உதவட்டுமா என்று கேட்கும். நூறாவது கடிதத்துக்கும் கேட்கும். 2001இல் வந்த பதிப்பில் அதைத் தொடக்கத்திலேயே அணைத்துவைத்தார்கள். ஆஃபீஸ் 2007இல் அது இல்லை.

அமேசானின் குரல் உதவியாளர் அலெக்சா திரையே இல்லாத ஸ்பீக்கரில் பேசும்போது சிக்கல் இரட்டிப்பு. பட்டியலை விரிக்க இடமில்லை. 2020 நவம்பரில் அமேசான் விளக்கிய ஒரு முறையில், பயனர் கேட்ட கேள்விக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அடுத்த தேவையை இயந்திரக் கற்றல் ஊகிக்கிறது. தேயிலையை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு டைமர் வைக்கட்டுமா என்றும் அலெக்சா கேட்கும். டைமர் என்ற வசதி இருப்பதை அவர் தேவைப்பட்ட அந்த நொடியில் தெரிந்துகொள்கிறார். தொடக்க கால மாதிரி ஒன்று சறுக்கிய விதத்தையும் அமேசானே பதிவு செய்திருக்கிறது: கோழிக்கறி சமையல் குறிப்பு கேட்டவரிடம், கோழிச் சத்தத்தைப் போடட்டுமா என்று அது கேட்டதாம்.

தவறு நேரும் இடம்

பயனர் தவறாகத் தட்டிய கணத்தில், அவருக்கு என்ன வேண்டும் என்பது ஏறக்குறைய தெரிந்துவிடுகிறது. ‘புரியவில்லை’ என்ற ஒற்றை வரியோடு அங்கே நிறுத்திக்கொள்ளும் பாட், கைக்கு வந்த வாய்ப்பைத் தவறவிடுகிறது.

ஃப்ரெட் டாமரோ 1964இல் எழுத்துப் பிழைகளை அலசியபோது, 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை நான்கே வகையில் அடங்கின: ஓர் எழுத்து மாறியிருக்கும், விட்டுப்போயிருக்கும், கூடியிருக்கும், அல்லது பக்கத்து எழுத்தோடு இடம் மாறியிருக்கும். அடுத்த ஆண்டு சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன், ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்துத் திருத்தம் தேவை என்பதை ஒரு தூரமாக வரையறுத்தார். ‘பட்டியள்’ என்று வந்தால் ‘பட்டியல்’ ஒரே படி தூரத்தில் நிற்கிறது, ‘இதையா கேட்டீர்கள்?’ என்று பட்டனோடு பதில் சொல்லலாம். நிரலாளர்கள் அன்றாடம் புழங்கும் கிட் என்ற கருவி, கட்டளையைத் தவறாக அடித்தால் நெருக்கமான சரியான கட்டளையை இப்படித்தான் காட்டுகிறது. கேட்காமலே திருத்தி ஓட்டிவிடுவது மட்டும் ஆபத்து. அழிக்கும் கட்டளையும் அடுக்கும் கட்டளையும் ஓரெழுத்துத் தூரத்தில் இருக்கலாம்.

தமிழில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழையும் உண்டு. யூனிகோடில் ‘கோ’ என்பதை, க-வோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். க-வோடு ஏகாரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத பாட், சரியாகத் தட்டப்பட்ட கட்டளையையே தெரியாது என்று சொல்லிவிடும்.

எதையும் கேட்கலாம் என்றபோது

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபின், ஃபர்னஸ் குழுவின் சிக்கல் பெருமளவு கரைந்துவிட்டதாகத் தோன்றியது. கரண்ட் பில் என்றாலும் மின்கட்டணம் என்றாலும் அத்தகைய பாட்டுகளை இயக்கும் பெரிய மொழி மாதிரிகளுக்குப் புரிகிறது. ஆனால் சொல்லை ஊகிக்கும் சுமை குறைந்த இடத்தில், எதைக் கேட்கலாம் என்றே தோன்றாத சுமை வந்து உட்கார்ந்தது. எல்லையே தெரியாத பெட்டி முன்பைவிடப் பெரிய வெற்றுப் பெட்டி. அதனால்தான் இத்தகைய பாட்டுகளின் முகப்பிலும் ‘இப்படிக் கேட்டுப் பாருங்கள்’ என்று மாதிரிக் கேள்விகள் பட்டன்களாக நிற்கின்றன. நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பலவற்றில் சாய்கோட்டைத் தட்டினால் கட்டளைப் பட்டியலும் எழும்புகிறது. குறிப்பிட்ட ஒரு வேலை ஒவ்வொரு முறையும் அப்படியே நடக்க வேண்டும் என்றால், விவரித்துச் சொல்வதைவிடப் பட்டியலில் தொடுவது நம்பகமானது.

தமிழில் பாட் கட்டுவோர் இந்தப் பட்டியல்களைத் தமிழில் தருவது எந்த அளவுக்கு முடியும்? தளத்துக்குத் தளம் நிலைமை வேறு. டெலகிராமில் கட்டளையின் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் விளக்க வரியை மொழிவாரியாகப் பதியலாம், தமிழ் உட்பட. டிஸ்கார்டு பிற மொழி எழுத்துகளைப் பெயரிலேயே அனுமதிக்கிறது. ஆனால் அதன் ஆவணம் தரும் விதி ‘எழுத்து’ என்று யூனிகோடு வகுத்தவற்றையும் எண்களையும் ஹைஃபன் போன்ற ஓரிரு குறிகளையும்தான் ஏற்கிறது. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அந்த வகுப்பில் இல்லை. தேவநாகரிக்கும் தாய் எழுத்துக்கும் தனியே விலக்கு எழுதியிருக்கிறார்கள், தமிழுக்கு இல்லை. விதிப்படி பார்த்தால் ‘உதவி’ என்ற பெயர் அதன் கடைசி இகரக் குறியில் தடுக்கி விழும்.

வாட்ஸ்அப் பட்டனில் தமிழை எழுதத் தடையில்லை. அங்கே இடைஞ்சல் இடம்தான். பட்டனின் வாசகம் 20 குறிகளுக்குள் அடங்க வேண்டும். ‘மின்கட்டணம் செலுத்து’ என்பதில் கண்ணுக்குத் தெரிவது 11 எழுத்து. புள்ளியையும் ஒவ்வொரு குறியையும் இடைவெளியையும் தனித்தனியாக எண்ணும் யூனிகோடு கணக்கில் அது சரியாக 20. மரியாதையாக ‘செலுத்துங்கள்’ என்று மாற்றினால் 25 ஆகி வெளியே போய்விடும். ‘கரண்ட் பில் கட்ட’ என்று எழுதினால் 16தான். வருகிறவர் பெட்டியில் தட்டியிருக்கக்கூடிய வாசகமும் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும்.